ப்ராக் ராக்கை நேரில் கேட்டால் என்ன கிடைக்கும்? நியர்ஃபெஸ்ட் நினைவுகளோடு ஒரு பதில்

ப்ராக் ராக் என்பது ப்ரோக்ரெசிவ் ராக்கின் சுருக்கம்: நீளமான பாடல்களும் மாறும் தாளங்களுமாக 1970களில் செழித்த ராக் வகை. கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன்: "யெஸ், ஜெனிசிஸ், கேமல் மாதிரி ப்ராக் குழுக்களை எல்லாம் ஹெட்போனில் கேட்டே வளர்ந்தவன் நான். ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் இழைத்து எடுத்த இசை இது. அதையே மேடையில் திரும்ப வாசிப்பதைக் கேட்கவா ஒரு விழாவுக்குப் போக வேண்டும்? நீங்கள் அமெரிக்காவின் நியர்ஃபெஸ்ட் விழாவுக்குப் போனவர். உண்மையில் எப்படி இருந்தது?"

போக வேண்டும். ஒரு முறையாவது போக வேண்டும். ஏன் என்று பொதுவாகச் சொன்னால் உங்களுக்கு நம்பிக்கை வராது. அதனால் நான் கேட்ட கச்சேரிகளையே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். ஒவ்வொரு ஆல்பத்தையும் நூறு தடவை கேட்டு, எந்த இடத்தில் டிரம்ஸ் நுழையும், எந்த இடத்தில் ஆர்கன் தணியும் என்பதெல்லாம் மனப்பாடம். பாட்டு எனக்கு முழுசாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்காக நியூ ஜெர்சியில் இருந்தபோது, 2003 ஜூன் மாதக் கடைசி வார இறுதியில், கூட வேலை பார்த்த ஒருவர் தன்னிடம் ஒரு டிக்கெட் கூடுதலாக இருக்கிறது என்று என்னை ட்ரென்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த இரண்டு நாளில் என் எண்ணம் மாறியது.

நியர்ஃபெஸ்ட் பற்றித் தெரியாதவர்களுக்கு: நார்த் ஈஸ்ட் ஆர்ட் ராக் ஃபெஸ்டிவல் என்பதன் சுருக்கம் அது. ராபர்ட் லடூகா, சாட் ஹட்சின்சன் என்ற இரண்டு ரசிகர்கள் 1999இல் தொடங்கியது. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. பென்சில்வேனியாவில் பெத்லஹேம் என்ற பழைய எஃகு நகரத்தில், ஒரு கல்லூரியின் சின்ன அரங்கில் ஆரம்பித்தார்கள். இடம் போதாமல் அதே ஊரில் லீஹை பல்கலைக்கழகத்தின் சோல்னர் அரங்குக்குப் போனார்கள். அங்கே சுமார் ஆயிரம் இருக்கை. அதுவும் போதவில்லை. 2002, 2003 இரண்டு வருடமும் ட்ரென்டனில் வார் மெமோரியல் கட்டடத்தில் நடத்தினார்கள். பிறகு 2004இல் மறுபடி பெத்லஹேமுக்கே திரும்பினார்கள். டிக்கெட் விற்பனை திறந்த வேகத்தில் தீர்ந்துபோன காலம் அது.

ட்ரென்டன் அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். தொழிற்சாலைகள் மூடிப்போன ஊர். டெலவேர் நதிமேல் உள்ள பாலத்தில் 'ட்ரென்டன் செய்கிறது, உலகம் எடுத்துக்கொள்கிறது' என்ற பொருளில் பெரிய எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. வார் மெமோரியல் 1930களின் தொடக்கத்துக் கட்டடம், மாநிலச் சட்டமன்றத்துக்குப் பக்கத்தில். உள்ளே போனால் உயரமான கூரை, அலங்கார வேலைப்பாடு, வரிசை வரிசையாகச் சிவப்பு இருட்டில் அமிழ்ந்த நாற்காலிகள். சுமார் 1,800 பேர் உட்காரலாம். ராக் கச்சேரி என்றால் நின்றுகொண்டு ஆடுவார்கள், பீர் சிந்தும் என்று எதிர்பார்த்துப் போனேன். இங்கே எல்லோரும் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, மேடையைப் பார்த்தபடி இருந்தார்கள். எனக்கு டிசம்பர் சீசனில் சபா கச்சேரிக்குப் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சொல்லப்போனால் சபாவில்கூட இவ்வளவு அமைதி கிடையாது, நடுவில் எழுந்து கேன்டீனுக்குப் போகிறவர்கள் உண்டு.

அந்த அமைதிதான் முதல் விஷயம். ஏன் என்று ஆங்லகார்டைக் கேட்டபோது புரிந்தது.

ஆங்லகார்ட் ஸ்வீடன் குழு. 1992இல் முதல் ஆல்பம், 1994இல் இரண்டாவது, அதே வருடம் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கச்சேரி. அதோடு கலைந்துவிட்டார்கள். இரண்டே ஆல்பம். ஆனால் 1970களின் இசை செத்துவிட்டது என்று உலகமே நம்பிய காலத்தில், இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள் மெல்லோட்ரான் என்ற பழைய கீபோர்டையும் புல்லாங்குழலையும் எடுத்துக்கொண்டு வந்து அந்த இசையைப் புதிதாகச் செய்துகாட்டினார்கள். அவர்கள் திரும்ப மேடை ஏறுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து ட்ரென்டனில் வந்து நின்றார்கள். முதல் ஆல்பத்தில் பாடி, கிட்டாரும் வாசித்த டூர்ட் லின்ட்மன் மட்டும் வரவில்லை. மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள்.

அவர்கள் இசையில் ஒரு குணம் உண்டு: இடி மாதிரி போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று அறுந்து, ஒரே ஒரு புல்லாங்குழல் மட்டும் மிச்சம் இருக்கும். ஹெட்போனில் அந்த இடம் வரும்போது நான் சத்தத்தைக் கூட்டிக்கொள்வேன், அவ்வளவுதான். அரங்கில் அது வேறு. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் மூச்சை அடக்குவது காதில் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆன்னா ஹோல்ம்கிரெனின் புல்லாங்குழலில் காற்று போகிற சத்தம், நாற்காலி லேசாக முனகுகிற சத்தம், எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. அந்த மௌனத்துக்குள் டிரம்ஸ் வாசிப்பவர் மத்தியாஸ் ஓல்சன் ஒரு சின்ன மணியைத் தட்டினார். அவரைச் சுற்றி டிரம்ஸ் மட்டும் கிடையாது, மணிகள், விளையாட்டுச் சாமான்கள், பெயர் தெரியாத தட்டுவகைகள் எல்லாம் பரப்பி வைத்திருப்பார். ஆல்பத்தில் பின்னணியில் ஏதோ ஒரு ஒலி என்று இத்தனை நாளும் நான் கடந்துபோன இடம் அது. அங்கே ஒரு மனிதர் குனிந்து, தேடி, சரியான நொடிக்காகக் காத்திருந்து தட்டினார். தப்பினால் தப்பியதுதான். ஆல்பத்தில் எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மேடையில் எதுவும் இன்னும் முடிவாகவில்லை. நான் இந்தப் பதில் முழுவதும் சொல்ல வருவது இதைத்தான்.

மெல்லோட்ரான் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்குப் பிடித்த பாதி ஆல்பங்களில் அதுதான் அந்தப் பனிமூட்டம் மாதிரியான வயலின், கோரஸ் ஒலி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் துண்டு இருக்கும். அழுத்தினால் டேப் ஓடும், அதில் பதிவான வயலினோ குழலோ குரலோ கேட்கும். டேப் எட்டு விநாடிக்குத்தான் வரும். அதற்குள் விரலை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஒலி நின்றுவிடும். அதனால் அந்தக் கருவிக்காக எழுதும் இசையே மூச்சுவிட்டு மூச்சுவிட்டு நகரும். இதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். ஆனால் அந்த ஒலி பெரிய அரங்கின் ஸ்பீக்கரில் இருந்து கிளம்பிக் கூரைவரை எழும்பும்போது, அதன் லேசான நடுக்கமும் தளும்பலும் உடம்பில் படும். ஹெட்போன் அதைத் தராது.

அப்புறம் மக்மா. இவர்களைப் பற்றி எழுத எனக்கு எப்போதும் தயக்கம், சொன்னால் மிகைப்படுத்துவதாகத் தோன்றும். பிரான்ஸ் குழு, 1969இல் கிறிஸ்தியான் வான்டர் தொடங்கியது. அவர்தான் டிரம்ஸ், அவர்தான் இசையமைப்பாளர், அவர்தான் தலைவர். பாட்டுக்காகவே கொபாயன் என்று ஒரு மொழியை உருவாக்கினார். ஒரு பாட்டே அரை மணி நேரத்துக்கு மேல் போகும். ஆல்பமாகக் கேட்டபோது எனக்கு இவர்கள் பிடிக்கவே இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், எங்கேயும் போகவில்லையே என்று தோன்றும். பாதியில் நிறுத்திவிடுவேன்.

நேரில் நிறுத்த வழியில்லை. அதுதான் எனக்கு நல்லதாகப் போனது. பாடகர்கள் வரிசையாக நின்றார்கள், நடுவில் ஸ்டெல்லா வான்டர். பாஸ் கிட்டாரும் பியானோவும் ஒரே அச்சில் சுழன்றன. முதல் பத்து நிமிடம் நான் வழக்கம்போலப் பொறுமை இழந்தேன். பதினைந்தாவது நிமிடம் வாக்கில் கவனித்தேன், திரும்பத் திரும்ப வருவது ஒன்றேபோல் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குரல் அரைப்படி ஏறுகிறது, அல்லது டிரம்ஸில் ஒரு அடி இடம் மாறுகிறது. வான்டர் கண்களை உருட்டி, முகத்தை மேலே தூக்கி, ஒவ்வொரு அடியையும் யாருக்கோ பதில் சொல்வது மாதிரி அடித்தார். அவருக்கு ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன்மேல் உள்ள பக்தி ஊரறிந்தது. அந்தப் பக்தி எங்கே போயிற்று என்பது ஆல்பத்தில் எனக்குக் கேட்டதில்லை, மேடையில் கண்ணால் பார்த்தேன். நம் ஊரில் நாமசங்கீர்த்தனத்தில் ஒரே வரியைக் காலம் ஏற்றி ஏற்றிப் பாடும்போது கூட்டத்துக்கு ஒன்று ஆகுமே, அது அங்கே ஆனது. பக்கத்தில் இருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கொபாயன் வரிகளைச் சத்தமில்லாமல் உதட்டசைவில் கூடவே பாடிக்கொண்டிருந்தார், கண்களில் நீர். எந்த நாட்டிலும் யாருடைய தாய்மொழியும் இல்லாத ஒரு மொழி அது.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு உடனே எழுந்திருக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய ஆல்பங்களை எடுத்துக் கேட்டேன், எல்லாம் வேறாகக் கேட்டது. இன்றுவரை அவர்களை நான் விடவில்லை. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுவாகத்தான் இருக்கும்: விழாவுக்குப் போவது ஏற்கெனவே பிடித்ததை மறுபடி கேட்பதற்கு மட்டும் கிடையாது. பிடிக்காது என்று தீர்ப்பு எழுதிவைத்த ஒன்றின்முன் ஒன்றரை மணி நேரம் உட்காரவைக்கும் வேறு இடம் எனக்குத் தெரியாது.

அதே விழாவில் ஃபின்லாந்தின் அலமாயில்மன் வசரத் என்ற குழுவும் இருந்தது. கிட்டாரே கிடையாது. இரண்டு செல்லோக்களை மின்சாரக் கிட்டார் மாதிரி உறுமவிட்டு, மேலே டிராம்போனும் சாக்ஸஃபோனும். கல்யாண ஊர்வலமா, யுத்தமா என்று தெரியாத இசை. டென்னசியில் இருந்து வந்த கிளாஸ் ஹாமர் நேர்மையான, பழைய பாணிச் சிம்பொனிக் ப்ராக். நன்றாக வாசித்தார்கள், ஆனால் ஆல்பத்தில் கிடைத்ததற்கு மேல் எனக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. எல்லாக் கச்சேரியும் உலகைப் புரட்டிப் போடும் என்று சொன்னால் பொய்.

கேமலுக்கு வருகிறேன். நீங்கள் கேமல் ரசிகர் என்று எழுதியிருப்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

அந்த வருடச் சுற்றுப்பயணத்தை விடைபெறும் பயணம் என்றே அறிவித்திருந்தார்கள். ஆரம்பகாலக் கேமலின் கீபோர்டு கலைஞர் பீட்டர் பார்டன்ஸ் 2002 ஜனவரியில் காலமாகியிருந்தார். அவர் குழுவை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தாலும், அந்தப் பழைய பாடல்களின் பாதி உயிர் அவர் விரல்களில் இருந்து வந்தது. அப்போது கீபோர்டில் இருந்தவர் கனடாவின் கீ லெபிளாங்க். விழாவுக்குச் சில வாரம் முன்பு அவர் மனைவியின் உடல்நிலை காரணமாக விலக வேண்டியதாயிற்று. முதன்மைக் குழுவாக அறிவித்தாகிவிட்டது, மூன்று வாரம்கூட மீதி இல்லை. அந்த நேரத்தில் உள்ளே வந்தவர் டாம் பிரிஸ்லின். அதற்கு இரண்டு வருடம் முன்பு யெஸ் குழு ஆர்கெஸ்ட்ராவோடு சுற்றியபோது கீபோர்டு வாசித்த இளைஞர்.

யோசித்துப் பாருங்கள். முப்பது வருடத்துப் பாடல்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு விதமான கீபோர்டு ஒலிகள், நடுவில் தாளம் மாறும் இடங்கள். எதிரே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் ஒவ்வொரு ஸ்வரமும் தெரியும். மூன்று வாரத்துக்குள் தயாராகி வந்து உட்கார வேண்டும். அரங்கில் எல்லோருக்கும் இந்தச் செய்தி தெரிந்திருந்தது. அதனால் விளக்கு அணைந்து குழு மேடைக்கு வந்தபோது எழுந்த கைதட்டலில் ஒரு பங்கு அந்த இளைஞருக்காக இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

நான் உட்கார்ந்த இடத்தில் இருந்து அவர் கைகள் தெரிந்தன. முதல் சில பாடல்கள் முழுக்க நான் கேமலின் கிட்டார் கலைஞர் ஆன்ட்ரூ லாட்டிமரைப் பார்க்கவே இல்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு அடித் தாளம் வரும் இடங்களில் என் கை தானாகத் தொடையில் மிஸ்ர சாபு போட ஆரம்பித்துவிட்டது, தகிட தகதிமி என்று. அவர் சரியாக வந்து சேர்கிறாரா என்று நான் கணக்கு வைத்துக்கொண்டிருந்த மாதிரி. சேர்ந்தார். ஒவ்வொரு முறை சேரும்போதும் எனக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் கணக்கை மறந்தேன்.

அதற்குப் பிறகுதான் லாட்டிமர். அவருடைய கிட்டாரை நீங்கள் ஆல்பத்தில் கேட்டிருப்பீர்கள்: வேகம் காட்டமாட்டார், ஒரு ஸ்வரத்தை எடுத்து இழுப்பார். மேடையில் அவர் முகத்தைப் பார்த்தால் அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கண்ணை இறுக்கி மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, வலிக்கிற மாதிரி ஒரு முகம். கமகத்தில் கை வைத்த வயலின்காரர் முகத்தில் வருமே, அதே முகம். நீளமான ஒரு ஸ்வரம் அரங்கத்தின் பின்சுவரைத் தொட்டுத் திரும்பி வரும்வரை அவர் அடுத்ததை எடுக்கவில்லை. இடத்துக்கு ஏற்ப வாசிப்பது என்பது இதுதான். ஆல்பத்தில் அந்த ஸ்வரம் எப்போதும் ஒரே நீளம். அன்று ட்ரென்டனில் அது அந்தக் கட்டடத்தின் நீளம்.

விடைபெறும் பயணம் என்று சொன்னது கிட்டத்தட்ட உண்மையாகவே ஆகியிருக்கும். அதன்பின் லாட்டிமருக்கு ரத்தம் தொடர்பான கடுமையான நோய் வந்தது. 2007இல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. பத்து வருட இடைவெளிக்குப் பிறகு 2013இல் லண்டன் பார்பிகன் அரங்கில் மறுபடி மேடை ஏறினார், கீபோர்டில் பழையபடி கீ லெபிளாங்க். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் அழுதேன். லெபிளாங்க் 2015இல் காலமானார். பிரிஸ்லின் பிறகு கான்சாஸ் குழுவில் சேர்ந்தார். இந்தப் பெயர்களை எல்லாம் ஆல்பம் உறையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் பார்த்திருப்போம். 2003இல் மூன்று வாரத்துக்குள் அவர்களுக்கு நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டு அந்த வாசிப்பைக் கேட்டவர்களுக்கு அந்த எழுத்து சின்னதாகத் தெரியாது.

அடுத்த வருடம், 2004, பெத்லஹேமில் யெஸ்டா உர்ஃபா என்ற குழுவைக் கேட்டேன். இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1970களில் இண்டியானா, சிகாகோ பக்கத்துப் பையன்கள். சிக்கலான, துள்ளலான, வேகமான இசை. 1976இல் ஒரு ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள், வெளியிட ஆள் கிடைக்கவில்லை. 1989இல்தான் அது வெளிவந்தது, அதற்குள் குழு கலைந்துபோய்ப் பல வருடம். இளமையில் எடுத்த உழைப்பு முழுக்க ஒரு பெட்டிக்குள் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நியர்ஃபெஸ்ட் அழைத்ததும் மறுபடி சேர்ந்து, பயிற்சி எடுத்து, வந்து வாசித்தார்கள். நடுவயதுக்காரர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். முதல் பாடல் முடிந்தபோது எழுந்த கைதட்டல் நிற்கவே இல்லை. மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 28 வருடம் கழித்து அந்தப் பாடல்களுக்கு நிரம்பிய ஓர் அரங்கம் கிடைத்தது. அந்தக் கச்சேரி பிறகு சிடியாக வந்திருக்கிறது, தேடிக் கேளுங்கள். ஆனால் அந்தக் கைதட்டலின் நீளத்தை எந்தச் சிடியிலும் முழுசாக வைக்கமாட்டார்கள், வெட்டிவிடுவார்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து குழுவரை கேட்பது உடம்புக்கும் காதுக்கும் அதிகம். காலையில் புத்தம்புதுசாகக் கேட்ட குழு நினைவில் நிற்கிறது, மாலை நாலு மணிக்கு வாசிக்கிற நல்ல குழுவை அரைத்தூக்கத்தில் கேட்டு அநியாயம் செய்திருக்கிறேன். சில கச்சேரிகளில் பாஸும் டிரம்ஸும் ஓங்கி, பாடுபவர் குரல் அடியில் புதைந்துபோனது. பத்துப் பதினைந்து கருவிகளின் ஒலியைக் குறைந்த இடைவேளைக்குள் அமைப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும், இருந்தாலும் பாட்டின் வரி கேட்காவிட்டால் பாதி போயிற்று. இன்னொன்று, கூட்டத்தில் பெரும்பாலும் நாற்பது தாண்டிய ஆண்கள். பெண்களும் இளைஞர்களும் குறைவு. அந்தக் கவலை எனக்கு அப்போதே இருந்தது.

இடைவேளையில் வெளியே சிடி விற்கும் கூடம் ஒன்று இருக்கும். அதை மறக்கவே முடியாது. க்யூனிஃபார்ம் போன்ற சின்ன நிறுவனங்களின் ஆல்பங்கள், கடையில் எங்கேயும் கிடைக்காத இத்தாலிய, ஜப்பானிய, தென்னமெரிக்கக் குழுக்கள், மேசை மேசையாக. சற்றுமுன் மேடையில் வாசித்தவரே அங்கே நின்று கையெழுத்துப் போடுவார், பேசுவார். யெஸ் ஆல்பம் உறைகளை வரைந்த ஓவியர் ரோஜர் டீன் வரைந்த விழாப் போஸ்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்கள் அலைவார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பிடித்து நிறுத்தி, "இதை வாங்கு, வீட்டுக்குப் போய் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை" என்று ஒரு சிடியைக் கையில் திணித்தார். இத்தாலியின் பாங்கோ குழுவை எனக்கு அறிமுகம் செய்தவர் அவர்தான்.

2009இல் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற இங்கிலாந்துக் குழு. பாட்டுக்குப் பீட்டர் ஹாமில், ஆர்கனுக்கு ஹ்யூ பாண்டன், டிரம்ஸுக்குக் கை எவன்ஸ், மூன்றே பேர். சாக்ஸஃபோன் வாசித்த டேவிட் ஜாக்சன் விலகியிருந்தார், அவர் இல்லாமல் இந்தக் குழுவா என்று சந்தேகத்தோடு போனேன். இந்தக் குழுவில் தனியாகப் பாஸ் கிட்டார் கலைஞர் இல்லை. பாண்டன் ஆர்கனின் கால்கட்டைகளிலேயே பாஸை வாசிப்பார். ஆர்கன் கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர் அவர். ஆல்பத்தில் ஏதோ ஒரு பாஸ் ஒலி என்று கேட்டிருந்தேன். நேரில் பார்த்தால், இரண்டு கைகளும் இரண்டு அடுக்குக் கட்டைகளில், இரண்டு கால்களும் கீழே தனியாக வேறொரு பாட்டில். நாலு அங்கமும் நாலு வேலை, முகத்தில் மட்டும் எந்தப் பரபரப்பும் இல்லை. அவருக்கு எதிர்ப்பக்கம் ஹாமில், 2003 கடைசியில் மாரடைப்பில் இருந்து பிழைத்து வந்த மனிதர். காதோடு பேசுகிற மாதிரித் தொடங்கி, ஒரே வரிக்குள் அலறலுக்குப் போவார். குரல் சில இடங்களில் பிசிறியது. அந்தப் பிசிறை அவர் மறைக்கவில்லை, அதன்மேலேயே ஏறிப் பாடினார். மூன்று பேரும் ஓரிடத்தில் தாளத்தில் பிரிந்தார்கள். யார் சரி, யார் தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. எவன்ஸ் நிமிர்ந்து பார்த்தார், இரண்டு சுற்று கழித்து மூவரும் ஒரே அடியில் விழுந்தார்கள். அரங்கமே 'ஆ' என்றது. ஸ்டுடியோவில் அந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடி எடுத்திருப்பார்கள். நான் அதைக் கேட்டிருக்கவே முடியாது.

நான் கவலைப்பட்டது 2011இல் நடந்தது. டிக்கெட் போதிய அளவு விற்கவில்லை, அந்த வருட விழாவையே ரத்து செய்தார்கள். 2012இல் கடைசியாக ஒன்று நடத்திவிட்டு முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்து, அதற்கு உலக முடிவு என்ற பொருளில் நியர்ஃபெஸ்ட் அபோகலிப்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். அதில் வான் டெர் கிராஃப் மறுபடி வந்தார்கள். ஆங்லகார்டும் வந்தார்கள். 1994க்குப் பிறகு பதினெட்டு வருடம் கழித்து, அந்த வருடம்தான் அவர்களின் மூன்றாவது ஆல்பம். ட்ரென்டனில் அவர்களைக் கேட்டபோது என் தலையில் நரை இல்லை. பெத்லஹேமில் கேட்டபோது இருந்தது. அதே புல்லாங்குழல் இடம், அதே அடக்கிய மூச்சு. முன்வரிசையில் ஒருவர் தன் மகனை அழைத்து வந்திருந்தார், பன்னிரண்டு வயது இருக்கும். அந்தப் பையனும் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

நியர்ஃபெஸ்ட் இனி இல்லை. ஆனால் விழாக்கள் அதோடு முடியவில்லை. வட கரோலினாவில் 1995இலிருந்து நடந்துவரும் ப்ராக்டே, மரத்தடியில், புல்வெளியில், சில நூறு பேரோடு நடப்பது. ஜெர்மனியில் ரைன் நதிக்கு மேலே லோரெலைப் பாறையில் உள்ள திறந்தவெளி அரங்கில் 2006இல் தொடங்கிப் பல வருடம் நடந்த விழாவும் பெயர் பெற்றது. இவை அல்லாமல் கப்பலில் நடக்கும் விழாகூட உண்டு. திறந்தவெளி விழா ஒரு சுகம்தான், ஆனால் முதல் முறை போகிறவருக்கு நான் உட்கார்ந்து கேட்கும் அரங்கையே சொல்வேன். மௌனம் அங்கேதான் முழுசாகக் கிடைக்கும்.

போகும்போது சில விஷயம். நல்ல காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், இசைக்கென்றே செய்தது, ஒலியின் தன்மை கெடாது. எல்லாக் குழுவையும் கேட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், நாளுக்கு ஒன்றை விட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். பெயர் தெரியாத குழுவை மட்டும் விடாதீர்கள். போவதற்கு முன்பு அந்தக் குழுக்களின் ஆல்பங்களை மனப்பாடம் செய்யவும் வேண்டாம், ஒன்றிரண்டு முறை கேட்டால் போதும். இருக்கை தேர்ந்தெடுக்க முடிந்தால் முன்வரிசை கேட்காதீர்கள், அங்கே ஒலி சரியாகக் கலக்காது. நடுவில், கொஞ்சம் பக்கவாட்டில், கீபோர்டு வாசிப்பவரின் கைகள் தெரிகிற பக்கமாகப் பார்த்து வாங்குங்கள்.